க்ரீச் மானியம், குழந்தை உதவித்தொகை, மகப்பேறு விடுப்பு: மாகாண அரசிடம் கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் பெரியம்மா வீட்டு கராஜில் ஒரு க்ரீச், அதாவது சிறு பிள்ளைகளுக்கான பகல்நேரக் காப்பகம், நடத்துகிறார். பத்தொன்பது பிள்ளைகள். கணக்கு எழுதுவது, விண்ணப்பம் நிரப்புவது, அலுவலகங்களுக்கு நடப்பது எல்லாம் என் வேலை. கோயில் மண்டபத்திலும் க்ளினிக் வரிசையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எங்கள் மாகாணமான குவாசூலு-நடாலை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா அருகே லெனேசியா, லாடியம் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாகாணம் மட்டும் வேறு.

க்ரீச் என்பது யார் பொறுப்பு? தேசிய அரசா, மாகாணமா, மாநகராட்சியா?

மூவரும்தான். நம் ஆட்கள் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

சட்டம் தேசியம். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 38, அதன் ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள். ஐந்தாவது பகல்நேரப் பராமரிப்பைப் பற்றியது, ஆறாவது முன்பருவக் கல்வியைப் பற்றியது. முன்பு இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடம் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டது. பழைய அலுவலகத்துக்கே இன்னும் போய் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே காத்திருந்து பயனில்லை.

பதிவுச் சான்றிதழும் மானியமும் மாகாணக் கல்வித் துறையின் கையில். பணம் தேசியக் கருவூலத்திலிருந்து மாகாணத்துக்கு வருகிறது. ஒரு பகுதி மாகாணத்தின் பொதுப் பங்கில் வரும். இன்னொரு பகுதி, முன்பருவக் கல்விக்கென்றே ஒதுக்கி, வேறெதற்கும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு வரும். இந்த நிபந்தனை மானியம் 2017-18 நிதியாண்டில் தொடங்கியது.

கட்டடம், மனைப் பயன்பாடு, சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று இவை மாநகராட்சி. அரசியல் சாசனத்தின் நான்காம் அட்டவணை, பி பகுதியில் ‘குழந்தைப் பராமரிப்பு வசதிகள்’ உள்ளாட்சியின் வேலை என்று எழுதியே இருக்கிறது. டர்பனில் இருப்பவர்களுக்கு எதெக்வினி மாநகராட்சி.

ஆகவே ‘அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். எந்தத் தாள் எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த மேசைக்கு எழுதுங்கள்.

மானியம் எவ்வளவு?

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்ட் என்று 2019-இல் வைத்தார்கள். ரொட்டி விலை, பால் விலை, எரிவாயு விலை எல்லாம் ஏறியும் அந்த 17 அசையவே இல்லை. 2025 பட்ஜெட்டில்தான் 24 ராண்டாக உயர்த்தினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு 10 பில்லியன் ராண்ட் கூடுதலாக ஒதுக்கி, இன்னும் 7 லட்சம் பிள்ளைகள் வரை சேர்க்கலாம் என்றார்கள். வாட் வரியை உயர்த்துவதா வேண்டாமா என்ற சண்டையில் அந்த ஆண்டு பட்ஜெட் பிப்ரவரியிலிருந்து மே வரை இழுத்தது. அந்த இழுபறியிலும் இந்தத் தொகை தப்பித்தது. பல ஆண்டுகளாகக் கடிதம் எழுதிய, ஊர்வலம் போன, குழு முன்னால் உட்கார்ந்து பேசிய பெண்கள் பலர் அதன் பின்னால் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு 264 நாள் கணக்கு. எங்கள் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் கிடைத்தால் 19 × 24 × 264, அதாவது 1,20,384 ராண்ட். மாதத்துக்குப் பத்தாயிரம் ராண்டுக்குச் சற்று மேல். பெரியம்மா பெற்றோரிடம் மாதம் 450 ராண்ட் கேட்கிறார். பாதிப் பேர்தான் கொடுக்க முடிகிறது. கொடுக்காதவர்களின் பிள்ளைகளை அவர் திருப்பி அனுப்புவதில்லை.

அப்படியானால் எங்கள் தெரு க்ரீச்சுக்கு ஏன் ஒரு சென்ட் கூட வரவில்லை?

பதிவு இல்லாததால். எல்லாச் சிக்கலும் இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2021-இல் நாடு முழுவதும் முன்பருவக் கல்வி மையங்களைக் கணக்கெடுத்தார்கள். 42,420 மையங்கள், 16 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள். அவற்றில் பதிவு பெற்றவை, தற்காலிகப் பதிவையும் சேர்த்து, 40 சதவீதம். மானியம் வாங்கியவை 33 சதவீதம். மூன்றில் இரண்டு மையங்கள் அரசின் ஒரு ராண்டையும் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

எங்கள் கராஜுக்கு ஆய்வாளர் வந்த நாள் எனக்கு மறக்காது. நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்த நேரம். மஞ்சள் டேப்பை ஒரு முனையில் என்னைப் பிடிக்கச் சொன்னார். தூங்கும் கால்களைத் தாண்டித் தாண்டி மறுமுனைக்குப் போனார். நீளம் 6 மீட்டர், அகலம் 3 மீட்டர். 18 சதுர மீட்டர். உள்ளே ஒரு பிள்ளைக்கு 1.5 சதுர மீட்டர் வேண்டும் என்பது விதி. வகுத்துப் பார்த்தால் 12. பாயில் கிடந்தது 19. சமையல் மேடைக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் தடுப்பு இல்லை. வீட்டு மனை குடியிருப்புக்கு மட்டும் என்று பதிவாகியிருப்பதால் மாநகராட்சியின் தனி இசைவு வேண்டும். படிவத்தில் மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டார். எழுந்து போகும்போது பெரியம்மாவிடம் மெதுவாக, “பிள்ளைகள் சுத்தமாக இருக்கிறார்கள், ஆன்ட்டி” என்றார். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தீப்பிடித்தால் பத்தொன்பது பிள்ளைகளை ஒரே கதவு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். அதை நினைத்து எனக்கும் தூக்கம் போயிருக்கிறது. ஆனால் தடுப்புச் சுவருக்குப் பணம் வேண்டும். மானியம் வந்தால் பணம் இருக்கும். மானியம் வரப் பதிவு வேண்டும். பதிவுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். செக்குமாடு சுற்றுவது மாதிரி இது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சாட்ஸ்வொர்த் 1960-களில் எழுந்த ஊர். இனம் பார்த்து மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் தாத்தாக்களைப் பெயர்த்து வந்து வரிசை வீடுகளில் அடைத்தார்கள். படுக்க இடம் கொடுத்தவர்கள் குழந்தைகளுக்கென்று மனை ஒதுக்கவில்லை. கறுப்பின மக்களை அடைத்த உம்லாசியிலும் க்வாமாஷுவிலும் இதே கதை. க்ரீச் கராஜில் நடப்பது பெரியம்மாவின் குற்றம் அல்ல. அந்த வரைபடத்தை வரைந்தவர்களின் குற்றம். எனவே முதலில் கட்டடத்துக்கு உதவி, பிறகு கட்டடத்துக்குச் சோதனை என்று வரிசை மாற வேண்டும். நாங்கள் மாகாணத்திடம் கேட்பது இதைத்தான்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிபந்தனை மானியத்தில் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு உண்டு. தற்காலிகப் பதிவில் இருக்கும் மையங்கள் சுவர், கழிப்பறை, வேலி போன்ற சிறு வேலைகளைச் செய்து முழுப் பதிவுக்கு வருவதற்காகவே அந்தப் பங்கு. அது எவ்வளவு, நம் மாவட்டத்தில் எத்தனை மையத்துக்குப் போனது என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பதிவு செய்யாமலே நடத்தினால் என்ன?

ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொண்டால் பதிவு கட்டாயம். ஒளிந்து நடத்துவதில் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து, அரசின் கணக்கிலும் அவர்கள் வர மாட்டார்கள். 2025-இல் ‘பானா பெலே’ என்ற பெயரில் பெரும் பதிவு இயக்கம் தொடங்கியது. ‘குழந்தைகள் முதலில்’ என்று அர்த்தம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். எல்லாச் சான்றும் கையில் இல்லாவிட்டாலும் முதல் படியில் ஏறலாம். தயவுசெய்து ஏறிவிடுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்க்கும் விண்ணப்பம் இருக்கிறது, அலுவலகத்தில் அதை ‘ஃபார்ம் 30’ என்பார்கள். அதை முதல் நாளே போடுங்கள், பதில் வர நாளாகும்.

பதிவும் மானியமும் வந்துவிட்டால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா?

வந்தால் மட்டும் போதாது. 2021-இல் நான்கு வயது முடிந்து ஐந்தை நெருங்கும் பிள்ளைகளை அளந்து பார்த்த ‘த்ரைவ் பை ஃபைவ்’ ஆய்வில், மையங்களுக்குப் போகும் பிள்ளைகளிலேயே 57 சதவீதம் பேர் வயதுக்குரிய கற்றல் நிலையில் இல்லை. சோறு, சுவர் இரண்டும் முக்கியம். பேசிப் பழகும் ஆசிரியை அதைவிட முக்கியம். ஒன்றரை வயதுக்குக் கீழே ஆறு பிள்ளைக்கு ஓர் ஆள், மூன்று நான்கு வயதில் இருபது பிள்ளைக்கு ஓர் ஆள் என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த ஆளுக்கு என்ன சம்பளம் என்று அந்த விதி சொல்லவில்லை. க்ரீச் அக்காக்கள் பலர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை பார்க்கிறார்கள். மானியத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு மனுவிலும் அவர்கள் ஊதியத்தைப் பற்றி ஒரு வரியாவது சேருங்கள்.

முதல் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் கட்டாயமாகிவிட்டதே, அது நல்லதுதானே?

நல்லதுதான். 2024 செப்டம்பரில் கையெழுத்தான, பேலா எனப்படும் பள்ளிக் கல்விச் சட்டத் திருத்தத்தின்படி, பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் ஆண்டின் முதல் பள்ளி நாளிலிருந்து கிரேட் ஆர் கட்டாயம். ஆனால் க்ரீச்சின் கணக்குப் புத்தகத்தில் அது வேறு மாதிரி தெரியும். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் எஞ்சுவது கைக்குழந்தைகள். அவர்களுக்கு ஆள் அதிகம் வேண்டும், செலவும் அதிகம். கட்டணமோ குறையும். இந்த மாற்றத்துக்கு மாகாணம் என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் போட வேண்டிய நேரம் இது.

மாகாண சட்டமன்றத்தில் என்னைப் போன்ற ஒரு பெண் பேச முடியுமா?

முடியும், அது அவர்கள் தரும் சலுகையும் அல்ல. அரசியல் சாசனத்தின் 118-ஆம் பிரிவு, மாகாண சட்டமன்றம் மக்களைச் சட்ட வேலையில் ஈடுபடுத்தியே ஆக வேண்டும் என்கிறது. நம் மாகாணமே இதற்கு நல்ல உதாரணம். மட்டாட்டியேலே பகுதியைக் குவாசூலு-நடாலிலிருந்து எடுத்துக் கிழக்குக் கேப்போடு சேர்க்க 2005-இல் சாசனத்தையே திருத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். குவாசூலு-நடால் சட்டமன்றம் பொது விசாரணை நடத்தாமலே ஒப்புதல் கொடுத்துவிட்டது, ஆகவே அந்தத் திருத்தத்தில் மட்டாட்டியேலேயைப் பற்றிய பகுதி செல்லாது என்று 2006 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒரு சின்ன ஊர் மக்களிடம் கேட்காமல் விட்டதற்காக ஒரு சாசனத் திருத்தத்தின் பகுதியே விழுந்தது.

சட்டமன்றம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. 80 உறுப்பினர்கள். கல்விக்கென்று ஒரு நிலைக்குழு உண்டு. அந்தக் குழுச் செயலாளருக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம், வாய்மொழியாகப் பேச நேரம் கேட்கலாம். குழு உங்கள் ஊருக்கு வரும்போது மண்டபத்தில் எழுந்து பேசலாம்.

எந்தக் கட்சிக்காரரிடம் போவது?

எல்லோரிடமும். 2024 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எம்.கே. கட்சி 37 இடம் வாங்கியும் ஆட்சிக்கு வரவில்லை. ஐ.எஃப்.பி., ஏ.என்.சி., டி.ஏ., என்.எஃப்.பி. நான்கும் சேர்ந்து 41 இடத்தோடு அரசு அமைத்தன. 80-இல் 41. இப்படிப்பட்ட சபையில் ஒரே ஓர் உறுப்பினரின் கேள்விக்கும் எடை உண்டு. மனுவின் ஒரே பிரதியை எல்லாக் கட்சிக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒரு கட்சி மேடையில் மட்டும் ஏறினீர்கள் என்றால், மறுநாள் மற்றவர்கள் உங்கள் பிள்ளைகளை அந்தக் கட்சியின் பிள்ளைகளாகப் பார்ப்பார்கள்.

எப்போது பேச வேண்டும்? நாங்கள் போகும்போதெல்லாம் ‘பட்ஜெட் முடிந்துவிட்டது’ என்கிறார்களே?

நேரம் தவறுவதால் வீணாகும் உழைப்பு ஏராளம். தேசிய அரசின் நடுத்தவணை நிதிக் கொள்கை பெரும்பாலும் அக்டோபர் கடைசியில் வரும், சில ஆண்டு நவம்பருக்குத் தள்ளும். அடுத்த மூன்று ஆண்டுக்கு எதற்கு எவ்வளவு என்ற கோடு அங்கேயே விழுந்துவிடும். தேசிய பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில், மாகாண பட்ஜெட் அதற்குப் பிறகு. மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. ஆகவே மாகாணத்திடம் பேச நல்ல மாதங்கள் ஆகஸ்டும் செப்டம்பரும். துறை தன் தேவைப் பட்டியலைத் தயாரிக்கும் நேரம் அது.

மாநகராட்சி ஆண்டு வேறு. ஜூலை 1-இல் தொடங்கும். வரைவு பட்ஜெட்டை மார்ச் 31-க்குள் சபையில் வைத்தாக வேண்டும். பிறகு ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக்கு விடுவார்கள். ஐ.டி.பி. எனப்படும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டமும் கூடவே வரும். மனை இசைவுக் கட்டணத்தைச் சிறு க்ரீச்சுகளுக்குத் தள்ளுபடி செய்யச் சொல்வது, நகராட்சி மண்டபத்தைக் காலையில் க்ரீச்சுக்கு விடச் சொல்வது போன்றவற்றை அப்போது வார்டு கவுன்சிலர் மூலம் எழுத்தில் கொடுங்கள்.

தீபாவளி முடிந்தால் வருஷம் முடிந்தது என்று நாம் ஓய்ந்துவிடும் காலத்தில்தான் தேசியக் கணக்கு எழுதப்படுகிறது. கந்த சஷ்டி விரதத்துக்கிடையிலும் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள்.

பேசப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வருகைப் பதிவேடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் தடவை ஒரு பொது விசாரணைக்குப் போனபோது நான் நான்கு பக்கம் தட்டச்சு செய்து கொண்டு போனேன். குழந்தைகளே நாட்டின் எதிர்காலம் என்று தொடங்கியது. மூன்று நிமிடம்தான் கொடுத்தார்கள், முதல் பக்கமே முடியவில்லை. நன்றி சொல்லி உட்கார வைத்தார்கள். எனக்கு அடுத்து இனாண்டாவிலிருந்து வந்த ஒரு கோகோ எழுந்தார். (சூலுவில் பாட்டியை கோகோ என்பார்கள்.) கையில் ஒரு பழைய பயிற்சி நோட்டு, அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியது. அதை மேசையில் விரித்து, விரலை வைத்து, திங்கள் 23, செவ்வாய் 23, புதன் 14, வியாழன் 11 என்று வாசித்தார். “புதன்கிழமை என் வீட்டில் மாவு தீர்ந்தது” என்றார். அவ்வளவுதான். குழுவில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

அன்றிலிருந்து நானும் நோட்டைத்தான் கொண்டுபோகிறேன். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை பேர் கட்டணம் கட்டவில்லை, உணவுக்கு மாதம் என்ன செலவு. பிள்ளைகளின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். அதோடு ஒரே ஒரு கோரிக்கை. ஐந்து கேட்டால், அவர்களுக்கு எளிதானது எதுவோ அதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

அதிகாரபூர்வ மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் சாசனத்தின் 6-ஆம் பிரிவிலேயே தமிழின் பெயர் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது போன்ற சமூக மொழிகளை மதிப்போடு வளர்ப்பது மொழி வாரியத்தின் கடமை என்று. மனுவை ஆங்கிலத்திலோ சூலுவிலோ எழுதுங்கள், இரண்டிலும் என்றால் மிக நல்லது. ஆங்கிலம் சரளமாக வராத ஆயா (நாங்கள் பாட்டியை இப்படித்தான் அழைப்போம்) பேச வேண்டும் என்றால், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கூட ஒருவரையும் அழைத்துப் போங்கள். அவர் வார்த்தையை யாரும் அழகுபடுத்த வேண்டாம்.

பேரப்பிள்ளையை நான்தான் வளர்க்கிறேன். குழந்தை உதவித்தொகை மகள் பெயரில்தான் வருமா?

இல்லை, ஆயா. பிள்ளை யார் கையில் வளர்கிறதோ அவர் வாங்கலாம். இந்தக் கொள்கை பிறந்ததே அந்த எண்ணத்தில்தான்.

அதன் கதை நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனவெறி அரசின் காலத்தில் ‘ஸ்டேட் மெயின்டனன்ஸ் கிராண்ட்’ என்று ஓர் அரசுப் பராமரிப்பு உதவித்தொகை இருந்தது. இந்திய, கலரட் (கலப்பின) குடும்பங்களில் கைவிடப்பட்ட தாய்மார் பலர் அதை வாங்கினார்கள். கறுப்பினத் தாய்மாருக்கு அது ஏறக்குறைய எட்டவே இல்லை. நடால் பல்கலைக்கழகத்தின் பிரான்சி லண்ட் தலைமையில் 1995-இல் அமைந்த குழு, இருக்கும் பணத்தில் எல்லா இனப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும் என்றால் தொகை சிறிதாகத்தான் இருக்க முடியும், அது பிள்ளையைப் பின்தொடர்ந்து போக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1998-இல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 ராண்டில் தொடங்கினார்கள். பழைய கிராண்ட் மூன்று ஆண்டில் படிப்படியாக நின்றது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் அடுப்பு அணைந்தது, அந்த வலியை நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் அந்த முடிவு சரி என்று நம்புகிறேன். பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு இல்லாத ஒன்றை நம் பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. நியாயம் தொகையை உயர்த்தச் சொல்லிப் போராடுவதில் இருக்கிறது. அப்படிப் போராடித்தான் வயது வரம்பு ஏழிலிருந்து படிப்படியாகப் பதினெட்டு ஆனது.

2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக இருந்தது. வருமான வரம்பு அதன் பத்து மடங்கு, அதாவது அப்போது தனியாக வளர்ப்பவருக்கு 5,600, தம்பதிக்கு 11,200. பெற்றோர் இறந்து உறவினர் வளர்க்கும் பிள்ளைக்குக் கூடுதலாகப் பாதித் தொகை உண்டு. உதவித்தொகை வழங்கும் சாஸா அலுவலகத்துக்கு உங்கள் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, க்ளினிக்கில் கொடுத்த ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகம் கொண்டுபோங்கள். பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். மாற்று உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கிறது, பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 27 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதை 2016-இன் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. அந்தக் குறை வயிற்றிலேயே தொடங்குகிறது. உதவித்தொகையைக் கர்ப்ப காலத்திலிருந்தே கொடுங்கள் என்று பல அமைப்புகள் கேட்பது இதனால்தான். நானும் கேட்கிறேன்.

மகப்பேறு விடுப்பு பற்றி ஏதோ தீர்ப்பு வந்ததாமே?

2025 அக்டோபர் 3 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை பெற்ற தாய்க்கு நான்கு மாதம், தந்தைக்குப் பத்து நாள். தத்தெடுத்தவர்களுக்கு வேறு கணக்கு. இனி இரு பெற்றோரும் வேலையில் இருந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் அவர்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாதம் அவகாசம்.

விடுப்பு வேறு, பணம் வேறு. முதலாளி சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. யு.ஐ.எஃப். எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குக் கட்டியிருந்தால் சம்பளத்தில் 66 சதவீதம் வரை, 17.32 வாரத்துக்கு வாங்கலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இது உண்டு. உங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அக்காவுக்கு நீங்கள் யு.ஐ.எஃப். கட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். மாகாண அரசிடம் நியாயம் கேட்கப் போகும் முன் அது முடிந்திருக்க வேண்டும். விக்டோரியா தெருச் சந்தையில் மசாலா விற்கும், ஃபீனிக்ஸ் சாலையோரத்தில் சமோசா போடும் பெண்களுக்கு ஒன்றும் இல்லை. சொந்தத் தொழில் செய்பவர் யு.ஐ.எஃப்.-க்கு வெளியே. இது தேசிய அரசு மாற்ற வேண்டியது. மாகாணத் தீர்மானமாக அனுப்பச் சொல்லி நம் உறுப்பினர்களைக் கேட்கலாம்.

நாங்கள் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்களுக்கு எதுவும் உண்டா?

குழந்தை உதவித்தொகை குடியுரிமை உள்ளவர்கள், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், அகதிகள் இவர்களுக்கு மட்டும். வேலை விசாவில் இருந்தால் கிடையாது. ஆனால் பிள்ளையைச் சேர்க்கும் க்ரீச் பதிவு பெற்றதா என்று கேட்கும் பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது, பெற்றோர் கூட்டத்தில் உங்கள் குரலும் வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து நம் பிள்ளைகளுக்கென்று தனியாகக் கேட்டால் என்ன?

இதை அடிக்கடி கேட்கிறார்கள். வலிக்காமல் சொல்ல முயல்கிறேன்.

தனியாகக் கேட்டுப் பழகியதற்குக் காரணம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் மதராஸிலிருந்து நம் முதல் கூட்டம் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியதிலிருந்து, அரசு நம் குடும்பங்களை ஒரு சுமையாகத்தான் பார்த்தது. ஒப்பந்தம் முடிந்தும் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்ட் வரி. 1895-இன் நடால் சட்டம் அது. பதின்மூன்று வயதைத் தாண்டிய பெண்பிள்ளைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு வளர்ந்த பிள்ளைகள் என்றால் 12 பவுண்ட். 1913-இல் நம் கல்யாணமே செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பெழுதினார். அந்த ஆண்டுதான் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்தச் சிறையின் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில், பதினாறு வயதில், இறந்தாள். அந்த ஆண்டிலேயே வரி ஒழிந்தது. பிறகும் பள்ளிக்கூடம் வேண்டும் என்றால் நாமே பாதிப் பணம் திரட்டிக் கட்ட வேண்டியிருந்தது. அப்படி எழுந்த பள்ளிகளில்தான் என் அம்மா படித்தார்.

அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இன்று எங்கள் கராஜில் தூங்கும் பத்தொன்பது பேரில் பதினொரு பேர் சூலு பேசும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை ஒதுக்கிவிட்டு எட்டுப் பேருக்கு மட்டும் மானியம் கேட்க எந்தப் படிவமும் இல்லை, நான் கேட்கவும் மாட்டேன். தமிழ்ச் சங்கங்கள் வேறு வழியில் பெரிய உதவி செய்யலாம். கோயில் மண்டபங்கள் வாரநாளில் பூட்டிக் கிடக்கின்றன. கழிப்பறை, சமையலறை, வேலி எல்லாம் இருக்கிறது. ஒரு கராஜ் க்ரீச்சுக்குக் காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை திறந்துவிட்டால், மானியத்துக்கான பாதி நிபந்தனை அன்றே நிறைவேறும்.

மனு கொடுத்துப் பதிலே வராவிட்டால்?

தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவை மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி 90 நாளுக்குள் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘கணினியில் வரவில்லை’ என்பது காரணம் ஆகாது. கொடுத்த ஒவ்வொரு தாளின் பிரதியிலும் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை எங்கள் கோப்பு முழுவதும் ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. முத்திரை போட்ட பிரதிகள் பெரியம்மாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்ததால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் தப்பித்தோம்.

உங்கள் பெரியம்மாவின் க்ரீச் பதிவாகிவிட்டதா?

முழுதாக இல்லை. தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. ஒரு பிள்ளையின் அப்பா கொத்தனார், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கூலி வாங்காமல் கட்டினார். தீயணைப்பான் வாங்கிச் சுவரில் மாட்டியாயிற்று. ஃபார்ம் 30 வந்துவிட்டது. ஏழு பிள்ளைகளைக் காலையில் பக்கத்துக் கோயில் மண்டபத்துக்கு மாற்றியிருக்கிறோம், கராஜில் பன்னிரண்டு. மனை இசைவு மட்டும் பாக்கி. அந்தக் கோப்பு இப்போது மாநகராட்சியில் இரண்டாவது மாடியில், இடமிருந்து மூன்றாவது மேசையில் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை காலை நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.